பத்துக்குக் கீழே: பசியாவரத்துப் பிள்ளைகளும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் ஆயுளும்

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் மீனவக் குப்பம் பசியாவரம். சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர்தான். ஆனாலும் நெடுங்காலமாக அந்த ஊருக்குப் படகுதான் வழியாக இருந்தது. பாலம் வேண்டும் என்று அந்த ஊரும் அக்கம்பக்கத்துக் குப்பங்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தன. இறாலும் நண்டும் மடவையும் அந்த மக்களின் சோறு. 2008ஐ ஒட்டி அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளியை முடித்துக்கொண்டிருக்கிறார்கள். இனி நர்சிங் கல்லூரி, ஐடிஐ, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை, காட்டுப்பள்ளித் துறைமுகம், சிலருக்கு வளைகுடா.

இந்த வயதுக்காரர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 2002-03இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் மட்டும் சோதனையாகத் தொடங்கிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 2007-08இல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு அரசு விரிவாக்கியது. 2011இல் அது நாடு முழுவதுக்கும் போனது. அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் வந்தபோது, ஹெபடைட்டிஸ் பி அதற்குள் அடங்கிவிட்டது. காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டுக்கொண்டவர்களை விட்டுவிட்டால், கைக்குழந்தையாக இந்த ஊசியைப் பெற்ற முதல் தமிழகத் தலைமுறை இப்போதுதான் வாலிபத்துக்கு வருகிறது. குழந்தையில் போட்டது இன்னும் காக்கிறதா என்ற கேள்வி நம் ஊரில் பரவலாக எழப்போவது இனிமேல்தான்.

அந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு லேப் சீட்டின் வடிவில் வரும். நர்சிங்கில் சேரும் பெண்ணிடம் ‘ஆன்டி எச்பிஎஸ்’ என்ற ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். சீட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 4 மில்லி யூனிட் என்று இருக்கும். பக்கத்தில், பத்தும் அதற்கு மேலும் இருந்தால் காப்பு உண்டு என்று அச்சிட்டிருக்கும். அம்மா பத்திரமாக வைத்திருந்த தடுப்பூசி அட்டையிலோ எல்லா ஊசியும் போட்டதாகக் குறித்திருக்கும். ‘ஊசி பிடிக்கலையா, இல்ல சத்து போயிடுச்சா?’ என்று அந்த வீட்டில் கேட்பது இயல்பு. இந்தக் கேள்விக்கு நாற்பதாண்டு கால உலக அனுபவம் ஒரு பதில் வைத்திருக்கிறது. தெளிவான பதில்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. சலூனில் மாற்றாத பிளேடு, திருவிழாக் கூட்டத்தில் பச்சை குத்தும் ஊசி, ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போடும் சிரிஞ்சு எல்லாம் அதற்கு வாசல். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தக் கறையில்கூட அது ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். 2009இல் குஜராத்தின் மொடாசா பகுதியில் சிரிஞ்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் இந்த நோய் கொத்தாகப் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ தாய்ப்பால் கொடுப்பதாலோ அது பரவாது.

இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பது வயது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது உடலில் நிலைத்துத் தங்கும். மற்றவர்கள் காமாலையோடோ அதுகூட இல்லாமலோ மீண்டுவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளிடம் அது தங்கிவிடும். அறிகுறி எதுவும் இல்லாமல் இருபது, முப்பது ஆண்டு உள்ளேயே கிடந்து, குடும்பத்தைத் தாங்கும் வயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளியே வரும். 2022 நிலவரப்படி உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள், அவர்களில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர் இந்தியர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தமிழகக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்தவர்களில் 5.7 விழுக்காட்டினரிடம் இந்தத் தொற்று இருப்பதைக் கண்டது. ஆகவே இந்தத் தடுப்பூசியின் முதல் வேலை காமாலையைத் தடுப்பது அல்ல, வைரஸ் உடலில் குடியேறாமல் தடுப்பது. அது எவ்வளவு காலம் நீடிக்கிறது என்று அளக்கும்போதும் இதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பத்து என்ற எண்ணுக்கு வருவோம். வைரஸின் வெளிப்புறப் புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்து, அலுமினிய உப்போடு சேர்த்ததுதான் இன்றைய ஊசிமருந்து. அதில் வைரஸ் இல்லை. ஊசிகளைப் போட்டு முடித்த ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடியின் அளவு உச்சத்தைத் தொடும். குழந்தைகளிலும் இளைஞர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அந்த நேரத்தில் பத்தைத் தாண்டிவிடுவார்கள். சிலர் ஆயிரத்தையும் தாண்டுவார்கள். முதல் ஓராண்டில் அது வேகமாகச் சரியும், பிறகு மெதுவாக இறங்கும். பத்து என்பது அந்த உச்சக் காலத்தில் ஊசி பிடித்ததா இல்லையா என்று பார்க்க வகுத்த அளவு. பதினெட்டு ஆண்டு கழித்து அதே அளவுகோலை வைத்து, பத்துக்குக் கீழே இருப்பவருக்கெல்லாம் காப்பு இல்லை என்று சொல்வது தவறு.

ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஊசி போட்டதும் உடல் ஆன்டிபாடியை மட்டும் உண்டாக்குவதில்லை. அந்தப் புரதத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும் நினைவுச் செல்களையும் உண்டாக்குகிறது. ஆன்டிபாடி ரத்தத்தில் மிதப்பதால் அதை அளக்க முடிகிறது. நினைவுச் செல்கள் நிணநீர் முடிச்சுகளிலும் எலும்பு மஜ்ஜையிலும் கிடக்கின்றன. சாதாரண லேப் பரிசோதனை அவற்றைக் காட்டாது. வலையைச் சுருட்டி வீட்டில் வைத்திருக்கிற நாளில் ஒருவரைப் பார்த்து இவருக்கு மீன்பிடிக்கத் தெரியாது என்று சொல்ல முடியுமா? அதே வைரஸ் மறுபடி உள்ளே வரும்போது நினைவுச் செல்கள் விழித்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஆன்டிபாடியைப் பெருக்கிவிடும்.

இங்கே நமக்குக் கைகொடுப்பது இந்த வைரஸின் நிதானம். ஃப்ளூ கிருமி உள்ளே வந்த இரண்டாம் மூன்றாம் நாளே படுக்கையில் தள்ளிவிடும். அதற்கு எதிராக நினைவுச் செல்கள் விழித்து வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. தொற்றியதிலிருந்து நோயாக வெளிப்பட ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகும்; பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். அது கல்லீரலில் காலூன்றுவதற்கு முன்பே உடல் தயாராகிவிடுகிறது. இந்த ஊசிக்கு ஆண்டுதோறும் பூஸ்டர் வேண்டாம் என்று சொல்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

காரணம் பொருத்தமாகத் தோன்றுவது மட்டும் போதாது. ஊரில் அப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மிக நீண்ட சாட்சி அலாஸ்காவில் இருக்கிறது. தென்மேற்கு அலாஸ்காவின் ஆற்று முகத்துவாரப் பகுதியில் சால்மன் மீனை நம்பி வாழும் பழங்குடியினரிடம் இந்த வைரஸ் மிக அதிகமாக இருந்தது. சிறுவர்களுக்கே கல்லீரல் புற்றுநோய் வந்தது. சாலை இல்லாத ஊர்கள்; படகிலும் சிறு விமானத்திலும்தான் போக முடியும். 1981இல் அங்கே 15 கிராமங்களில் 1,578 பேருக்குத் தடுப்பூசி போட்டார்கள். அப்போதைய ஊசிமருந்து மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் பிறகு அந்த மக்களை ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. ஐந்து, பத்து, பதினைந்து, இருபத்திரண்டு, முப்பது ஆண்டு என்று திரும்பத் திரும்பப் போய் ரத்தம் எடுத்தார்கள்.

முப்பதாம் ஆண்டில், தொடக்க ஊசிக்குப் பிறகு வேறு ஊசி எதுவும் போட்டுக்கொள்ளாத 243 பேரைச் சோதித்தபோது 51 விழுக்காட்டினரிடம் ஆன்டிபாடி பத்துக்கு மேல் இருந்தது. பத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரே ஒரு ஊசி போட்டுப் பார்த்ததில், ஒரு மாதத்துக்குள் 88 விழுக்காட்டினருக்கு அளவு மேலே ஏறிவிட்டது. ஊசியைப் பார்த்ததும் உடல் அடையாளம் கண்டுகொண்டது. அதாவது நினைவு அழியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முப்பது ஆண்டுக்குப் பிறகும் காப்போடு இருந்தார்கள். தடுப்பூசி பரவலாகப் போன பிறகு, 1999க்கு மேல் அந்தப் பழங்குடிச் சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோயே இல்லாமல் போனது. ஆன்டிபாடி எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் செய்திதான்.

ஆனால் அலாஸ்காவின் கணக்கை அப்படியே பசியாவரத்துக்குக் கொண்டுவர முடியாது. அந்த 1,578 பேரும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள், சிறுவர்கள், பெரியவர்கள். நம் பிள்ளைகளோ பிறந்த நாளிலும் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்திலும் போட்டுக்கொண்டவர்கள். அவ்வளவு சிறு வயதில் போட்டால் ஆன்டிபாடி இன்னும் சீக்கிரம் இறங்கும். இத்தாலி 1991இல் கைக்குழந்தைகளுக்கும் பன்னிரண்டு வயதினருக்கும் இந்த ஊசியைக் கட்டாயமாக்கியது. பத்தாண்டுக்கு மேல் கழித்துப் பார்த்த ஆய்வு 2005இல் வந்தது. குழந்தையில் போட்டவர்களில் 64 விழுக்காட்டினரிடமும், பன்னிரண்டு வயதில் போட்டு விமானப்படையில் சேர்ந்த இளைஞர்களில் 89 விழுக்காட்டினரிடமும்தான் பத்துக்கு மேல் இருந்தது. அமெரிக்காவில் குழந்தையில் போட்டுக்கொண்டு பதினாறிலிருந்து பத்தொன்பது வயதை எட்டியவர்களைப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் அந்த எண் 24 விழுக்காடாக இறங்கியது. அதாவது நான்கில் மூன்று பேரின் சீட்டில் பத்துக்குக் கீழேதான் வரும்.

நம் நர்சிங் மாணவியின் சீட்டில் 4 என்று வந்தது விதிவிலக்கு அல்ல, வழக்கம் என்பது இப்போது புரியும். அதே இத்தாலி ஆய்வில் கீழே இருந்த சிறுவர்களுக்கு ஓர் ஊசி போட்டதும் 97 விழுக்காட்டினர் மேலே வந்தார்கள். அமெரிக்க ஆய்விலும் பத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் கெனெபா, மாண்டுவார் என்ற இரு சிற்றூர்களில் 1984 முதல் போட்ட ஊசியை 24 ஆண்டு கழித்து மதிப்பிட்டபோது, அவ்வப்போது வைரஸ் உள்ளே வந்துபோன தடயம் சிலரின் ரத்தத்தில் இருந்தது. ஆனால் வைரஸ் நிலையாகத் தங்குவதற்கு எதிரான காப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் அப்படியே இருந்தது. பூஸ்டர் தேவையில்லை என்றே அந்த ஆய்வு முடித்தது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய நிபுணர் குழுவும், 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாட்டு அறிக்கையும் இதையேதான் சொல்கின்றன: முழுத் தவணையும் போட்ட ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமான பூஸ்டர் தேவையில்லை.

இந்தப் பொதுப் பதிலோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகளில் எனக்கு உடன்பாடில்லை. விதிவிலக்குகளில்தான் உயிர்கள் இருக்கின்றன. சீனாவில் யாங்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள சிடோங் என்ற ஊரில் 1980களில் பிறந்த பச்சிளம் குழந்தைகளை முப்பது ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஊசி போட்ட கூட்டத்தில் இளவயதுக் கல்லீரல் புற்றுநோய் 84 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் தாய்க்குத் தொற்று இருந்த பிள்ளைகளில் சிலர், குழந்தையில் தப்பித்திருந்தும் வளர்ந்த பின் தொற்றுக்கு ஆளானார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு விடலைப் பருவத்தில் ஒரு பூஸ்டர் போடுவது நல்லது என்று அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். தைவானிலும், பிறந்ததும் போட்டுக்கொண்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒற்றைப் பூஸ்டர் ஊசியால் அளவு ஏறவில்லை. இவர்களிடம் நினைவு மங்கியிருக்கலாம் என்ற கவலை அங்கே இன்னும் இருக்கிறது. அதற்காகத் தைவானின் சாதனை சிறுத்துவிடவில்லை: 1984இல் உலகில் முதன்முதலாக நாடு முழுவதும் இந்தத் திட்டத்தைத் தொடங்கிய அந்தத் தீவில், தைப்பேயின் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களிடம் தொற்று 9.8 விழுக்காட்டிலிருந்து 1999க்குள் 0.7 ஆனது.

ஆகவே பசியாவரத்தில் ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு இப்போது பரிசோதனை செய்வதும் தேவையானால் ஓர் ஊசி போடுவதும் நியாயம். அதேபோல டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் நினைவுச் செல்களை நம்பி இருக்க முடியாது. அவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை அளவைப் பார்த்து, பத்துக்குக் கீழே போனால் ஊசி போட வேண்டும்.

மருத்துவத் துறைக்குப் போகிறவர்களின் விஷயம் வேறு. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி கையில் குத்தினால், அந்த நோயாளிக்கு வைரஸ் பெருகும் நிலையில் தொற்று இருந்தால், காப்பு இல்லாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதுக்கும் மேல். எச்ஐவிக்கு அது 0.3 விழுக்காடுதான். இவ்வளவு ஆபத்தான இடத்தில் ‘நினைவு இருக்கும்’ என்ற நம்பிக்கையோடு ஒரு பெண்ணை வார்டுக்குள் அனுப்புவதைவிட, நிச்சயப்படுத்திக்கொண்டு அனுப்புவதே சரி. சீட்டில் 4 வந்தவளுக்கு ஓர் ஊசி போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மேலே வந்துவிட்டால் அதோடு சரி, மேற்கொண்டு சோதனை வேண்டாம். வராவிட்டால் இன்னும் இரண்டு ஊசிகளைப் போட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் வராதவர் சிலர் இருப்பார்கள். அவர்களை வேலையை விட்டு அனுப்பத் தேவையில்லை. ஊசி குத்திவிட்டால் உடனே ஆயத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின் போட வேண்டியவர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன: ஊசி சரியாகப் போடப்பட்டிருக்க வேண்டும். தீவுக் குப்பங்களில் அதை உறுதி செய்வது சின்ன வேலை அல்ல. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர், ஊரில் சொல்வதுபோல் நர்சம்மா, நீல நிற வேக்சின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறுகிறார். பெட்டிக்குள் நான்கு பக்கமும் ஐஸ்பேக். நடுவில் சிறு குப்பிகள். எல்லோருக்கும் இருக்கும் பயம் வெயிலைப் பற்றி. ஆனால் ஹெபடைட்டிஸ் பி மருந்து வெயிலைத் தாங்குவதில் கெட்டிக்காரன். குளிர்தான் அதற்கு எமன். சுழிக்குக் கீழே அரை டிகிரி போனாலே அது உறைந்துவிடும். அலுமினிய உப்பிலிருந்து புரதம் பிரிந்து வீரியம் போய்விடும். உருகிய பிறகு சாதாரணமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். போட்டால் வலிக்கும், ஆனால் காக்காது. அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை உடனே பெட்டியில் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, காதருகில் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். அவசரமான காலையில், படகு புறப்படும் நேரத்தில், இந்தச் சில நிமிடப் பொறுமையில்தான் ஒரு குப்பத்துக் குழந்தைகளின் முப்பதாண்டுக் காப்பு இருக்கிறது. தடுப்பூசியின் ஆயுளைப் பற்றிய விவாதங்களில் இந்தப் பெட்டிக்கு இடமே இல்லாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னொன்று பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் ஊசி. தாயிடமிருந்து தொற்றுவதைத் தடுப்பது இதுதான். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்பதால் நமக்கு இது எளிது. பழவேற்காட்டிலோ பொன்னேரியிலோ சென்னையிலோ பிறந்த குழந்தை அங்கேயே இதைப் பெற்றுவிடும். திட்டம் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் பிறந்தவர்களின் அட்டையில் இந்தப் பிறப்பு ஊசி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று அடுத்தடுத்து நீரையும் காற்றையும் கண்ட இந்தப் பகுதியில் எத்தனை வீட்டில் அந்த அட்டை மிஞ்சியிருக்கும்? அட்டை இல்லாதவரை ஊசி போடாதவராகவே கருதி மீண்டும் போடலாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் கூடுதல் ஊசியால் கெடுதல் இல்லை.

ஏரிக்கரை ஊர்களில் இந்தக் கேள்வியைக் குழப்பும் வேறொரு விஷயமும் உண்டு. குழந்தையில் ‘காமாலை ஊசி’ போட்டவனுக்குப் பதினைந்து வயதில் கண் மஞ்சளாகிறது. ஊசியின் ஆயுள் தீர்ந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்கிறது. ஆனால் அசுத்தமான குடிநீரால் வருவது ஹெபடைட்டிஸ் ஏ, ஹெபடைட்டிஸ் ஈ என்னும் வேறு வைரஸ்கள். பி ஊசி அவற்றுக்கு எதிரானது அல்ல. சுற்றிலும் உப்புநீர், குடிக்கிற தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டும் என்ற ஊர்களில் இந்த நீர்வழிக் காமாலைக்கு வாய்ப்பு அதிகம். எந்த வைரஸ் என்று ரத்தத்தில் பார்க்காமல் தடுப்பூசியின் மேல் பழி போடக் கூடாது.

காமாலை என்றால் கீழாநெல்லியைத் தேடும் வழக்கம் நமக்கு உண்டு. அதைச் சிரித்து ஒதுக்க நான் தயாரில்லை; சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதை முறையாகச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்கும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 விழுக்காட்டினரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்ததாக அதில் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நேர்மையாகச் சோதித்ததற்காக அந்தக் குழுவை மதிக்கிறேன். அதே நேர்மையோடு, நிலைத்த தொற்றுக்கு இன்று நம்ப வேண்டியது 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளைத்தான் என்றும் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பூஸ்டர் வேண்டுமா என்று கவலைப்படும் வீட்டில், உண்மையில் கவலைப்பட வேண்டியது அவர்களுடைய அண்ணன், அக்காவைப் பற்றி. 2004இலோ 1998இலோ பிறந்தவர்களுக்கு அரசு ஊசி கிடைக்கவில்லை. இந்தியாவின் முதல் மரபணு மாற்றுத் தொழில்நுட்பத் தடுப்பூசியான ஷான்வாக்-பி 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸிலிருந்து வந்து விலையை வெகுவாகக் குறைத்தது உண்மை. ஆனாலும் ஏரியில் அன்றாடம் பாடுபடும் குடும்பம் காசு கொடுத்து ஆரோக்கியமான பிள்ளைக்கு ஊசி போட்டிருக்க வாய்ப்பு குறைவு. இப்போது இருபதுகளில், முப்பதுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் காப்பே இல்லாதவர்கள். காப்பின் ஆயுள் எவ்வளவு என்று ஆராய்வதற்கு முன், காப்பே கிடைக்காதவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும். பூஸ்டருக்குச் செலவிடக்கூடிய பணமும் உழைப்பும் இருந்தால் அதை முதலில் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பெரியவர்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மேற்கையில் போட வேண்டும். புட்டத்தில் போட்டால் சரியாகப் பிடிக்காது. போடுவதற்கு முன் ரத்தத்தில் எச்பிஎஸ்ஏஜி என்ற வைரஸின் வெளிப்புறப் புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு ஊசியால் பயனில்லை, அவருக்கு மருத்துவரின் கண்காணிப்புதான் தேவை. வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மருத்துவப் பரிசோதனையில் இந்தத் தொற்று தெரிந்தால் தகுதியில்லை என்று ஆகிவிடும். ஊசிமருந்தில் இருப்பதும் அதே புரதம் என்பதால், போட்ட இரண்டு மூன்று வாரம் வரை ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் அது தென்பட்டுப் பரிசோதனை தவறாகக் காட்டக்கூடும். ஆகவே மெடிக்கலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

மீன்பிடி ஊரில் நாட்களைத் தீர்மானிப்பது காற்றும் நீரோட்டமும் மீன்பாடும்தான்; இறால் நன்றாகக் கிடைக்கிற வாரத்தில் யாரும் ஊசிக்காகப் படகைக் கட்டிவைக்க மாட்டார்கள். இரண்டாம் ஊசிக்கோ மூன்றாம் ஊசிக்கோ நாள் தப்பிவிட்டது என்று பலர் பாதியில் விட்டுவிடுவது இதனால்தான். ஆறாம் மாதம் போட வேண்டியதை எட்டாம் மாதமோ பத்தாம் மாதமோ போட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.